ஒரு பிள்ளை வீட்டில், ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில்

(நவம்பர் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம் என்பதால் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் சார் கேட்டார்.

எங்கள் இரட்டையர் 30 வாரத்தில் பிறந்தார்கள். பையன் 1180 கிராம், பெண் 940 கிராம். பையன் 44-ஆம் நாள் வீட்டுக்கு வந்தான். பெண்ணுக்கு 63 நாள் ஆனது. நடுவில் இருந்த அந்த 19 நாளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதலில் ஆஸ்பத்திரி.

என்.ஐ.சி.யூ.வில் பெற்றோருக்கு வேலையே இல்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று சாமி கும்பிட வேண்டியதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நம்மால் மட்டுமே ஆகிற வேலை இரண்டு இருக்கிறது. ஒன்று, பால். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுவது சுமார் 34 வாரம் வரை பிள்ளைக்குச் சரியாக வராது. அதனால் வாய் வழியாக வயிற்றுக்குக் குழாய் போடுகிறார்கள். ஆரம்பத்தில் வேளைக்கு 1 மில்லி, 2 மில்லிதான். அந்த 2 மில்லிக்கும் அம்மா இரண்டு, மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியும் சேர்த்து, பால் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பிள்ளை குடிக்கத் தயாராகும் நேரத்தில் சுரப்பு குறைந்துபோகும். முதல் இரண்டு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்போது பக்கத்தில் நின்று "பால் போதலையே" என்று யாரும் சொல்லாதீர்கள். உண்மையிலேயே போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி உண்டு. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆரம்பித்தது. நம் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது.

இன்னொன்று, கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல் அம்மாவின் மார்போடு பிள்ளையைக் கட்டிவைக்க ஆரம்பித்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளில் 8 மணி நேரமாவது செய்யச் சொல்கிறது. அப்பாவும் செய்யலாம். எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் முடிந்து வந்து, சட்டையைத் திறந்து, தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்ட பெண்ணை மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெண்ணுக்கு அவ்வப்போது மூச்சு சில விநாடி நின்றுவிடும். குறைமாதப் பிள்ளைகளுக்கு இது வருவதுதான். மருந்து கஃபீன். "நம்ம காபியையா குடுக்கறாங்க?" என்று கேட்டார் மாமியார். அத்தனை நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான். மூச்சு நிற்காமல் தொடர்ந்து சில நாள் போனால்தான் டிஸ்சார்ஜ். ஒரு தடவை நின்றாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. அதனால்தான் அவள் பின்தங்கினாள்.

பையன் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் அங்கே நினைப்பு. பார்க்க வந்தவர்கள் "ஒண்ணாவது வந்துடுச்சே" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அது தாங்கவில்லை. காலையில் நான் போவேன், பையன் மாமியாரிடம். மதியம் வந்து அவனைப் பார்ப்பேன், சாயங்காலம் அவர் போவார். நான் போக முடியாத வேளைக்கான பாலை, பேரும் நேரமும் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்து, எதிர் வீட்டு அக்கா ஆபீஸ் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுத்தார். "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்று பலர் சொன்னார்கள். அந்த நிலையில் என்ன வேண்டும் என்று யோசிக்கவே வராது. "நாளைக்கு ரசமா, பருப்பா?" என்று கேட்டு, பூண்டு போட்டுச் சமைத்து, மணி அடிக்காமல் கதவில் கேரியரை மாட்டிவிட்டுப் போனார் கீழ்த் தளத்து மாமி. உதவி என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

தினமும் எடை கேட்காதீர்கள். பிறந்த முதல் சில நாள் எல்லாப் பிள்ளைக்கும் எடை இறங்கும். இறங்கியதை வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப எழுதுவது கொடுமை.

வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. விழித்திரைப் பரிசோதனை முதல் தடவை பிறந்த 30 நாளுக்குள், ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு இன்னும் முன்னால். அடுத்தடுத்த தேதிகளை நல்ல நாள் பார்த்துத் தள்ளக் கூடாது, பார்வை போகிற விஷயம். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. உட்காருவது, தவழுவதற்கு மட்டும் முன்னால் பிறந்த வாரங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும், எங்களுக்கு 10 வாரம். ஆகவே லிஃப்ட்டில் "ஆறு மாசமாச்சு, இன்னும் உட்காரலையா?" வேண்டாமே.

பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டாமல் இருக்கப் பாட்டிமாரைச் சம்மதிக்க வைப்பது தனி ஒரு பேச்சுவார்த்தை. ஆனால் நம் வளாகத்துக் கொசு மருந்துப் புகை நம் கையில் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி என்று முந்தின நாளே குழுவில் போட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். செயலாளர் சார் இதை இன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

பால் எடுப்பது பற்றித் தனியாகக் கேட்க நினைக்கும் பெண்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கே வாருங்கள். சளி பிடித்திருந்தால் மட்டும் போன் போதும்.