கடலடியில் கிடக்கும் சான்றுகள்

(சின்னாளப்பட்டியில் தமிழன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிறுமலையின் அடிவாரத்தில், கடற்காற்றே வீசாத இச் சின்னாளப்பட்டியில் நின்றுகொண்டு கடலாய்வு பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தறியொலி கேட்கும் தெருவிற்கும் அலையொலி கேட்கும் துறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் பெரெனிகே என்னும் பழந்துறையை அகழ்ந்தபோது இந்தியப் பருத்தித் துணியின் கிழிவுகள் கிடைத்தன. சாயம் ஏறாமல் தடுத்துப் பூவேலை காட்டும் முறையில் நிறமூட்டப்பெற்றவையும் அவற்றுள் இருந்தன. சுங்குடிக்கு முடிச்சிடும் நம் தாய்மாரின் விரல்கள் அவ்வினையின் உறவை உடனே அறியும். அதே கடற்கரையில் குசெயிர் அல்-காதிம் என்னுமிடத்தில் 'பானை ஒறி' என்று தமிழி எழுத்திற் பொறித்த ஓடு கிடைத்தது. துணியும் சென்றது, தமிழும் சென்றது. அவற்றைச் சுமந்து சென்ற கழகக் கால மரக்கலம் ஒன்றையேனும் தமிழகக் கடலடியிலிருந்து நாம் கண்டெடுத்தோமா? இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைப் பூம்புகாருக்கு அழைத்துச் சென்றேன். அந்நகரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது எனக் கரையில் நின்று உணர்ச்சியோடு விளக்கினேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, மூழ்கிய ஊரை யார் போய்ப் பார்த்தார்கள்?" என்று கேட்டாள். முப்பதாண்டு தமிழ் பயிற்றிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. ஊர் திரும்பிய பின்னரே தேடிப் படித்தேன். படித்ததை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

கரையில் நடந்த பணி முன்னது. 1960களில் கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், படகு கட்டும் மரத்தறிகளும் வெளிப்பட்டன. கடலுக்குள் நடந்த பணி பின்னது. கோவாவிலுள்ள நடுவணரசின் கடலாய்வு நிறுவனத்தார், அறிஞர் எசு. ஆர். இராவ் வழிகாட்டத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையோடு இணைந்து பூம்புகார்க் கடலில் மூழ்கி ஆய்ந்தனர். 1991ஆம் ஆண்டில் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைக் குளம்பு வடிவில் ஓர் அமைப்பைக் கண்டனர். வேறோரிடத்தில் உடைந்த கப்பலொன்றும் அகப்பட்டது. அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என ஆண்டுகள் பொறிக்கப்பெற்றிருந்தன. அது ஐரோப்பியர் காலத்துக் கப்பல். நம் முன்னோர் கலமன்று.

அக் குளம்பு வடிவம் மாந்தர் கட்டியதா, இயற்கையாய் அமைந்ததா என்பது ஐயமற முடிவாகவில்லை. ஆனால் நம்மவருள் சிலர், பதினோராயிரம் ஆண்டு நகரம் கிடைத்துவிட்டதென மேடைதோறும் முழங்கிவிட்டனர். தோழர்களே, கசப்பாயினும் கூறுகின்றேன்: மெய்ப்பிக்காத பெருமை மாற்றான் கையில் நாமே கொடுக்கும் படைக்கலம். ஒன்று பொய்த்தால் உண்மையான ஒன்பதையும் அவன் எள்ளி நகையாடுவான். முழக்கத்தை நிறுத்தி மூழ்குவதற்கு ஆள் தேடுவோம்.

மூழ்குதல் எளிதன்று. பூம்புகார்க் கடல் கலங்கலானது. பல நாள் கைக்கெட்டும் தொலைவும் கண்ணுக்குத் தெரியாது. 23 மீட்டர் ஆழத்தில் உடலை நெருக்கும் அழுத்தம் கரையிலுள்ளதைப்போல் மும்மடங்கிற்கும் மேல். அங்கு நெடுநேரம் தங்குதல் ஆகாது. விரைந்து மேலெழுதலும் ஆகாது. எடுத்த பொருளைக் காப்பதோ அதனினும் கடிது. கடலில் ஊறிய மரத்தை வெயிலில் இட்டால் சுருங்கி வெடித்து மண்ணாகும். சுவீடன் நாட்டார் 1628இல் மூழ்கிய 'வாசா' என்னும் கப்பலை 1961இல் மேலே கொணர்ந்தனர். அதன் மரம் கெடாதிருக்க 17 ஆண்டுகள் மருந்துநீர் தெளித்தனர். காக்கும் கூடம் இல்லாமல் எடுப்பது, எடுத்து அழிப்பதேயாகும்.

நம் அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். காலித் துறையில் 1659இல் மூழ்கிய ஆலந்துக் கப்பலொன்றையே பள்ளிக்கூடமாகக் கொண்டு, 2001 முதல் தொல்லியல் இளைஞர்க்கு மூழ்கவும் அளக்கவும் வரையவும் காக்கவும் பயிற்றினர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அவர்தம் பணிக்கூடத்தை அழித்தது, மீண்டும் எழுப்பினர். பின்னர்க் கொடவாயக் கடலில், உள்ளூர் மூழ்குநர் கண்ட ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய கலத்தை ஆய்வதற்கு ஆள் ஆயத்தமாய் இருந்தது. கண்ணாடிக் கட்டிகளும் அம்மிக்கற்களும் அதிற் கிடைத்தன. பயிற்சி முன்னே, கண்டுபிடிப்புப் பின்னே.

நம்மிடம் ஒன்றும் இல்லாமலில்லை. 1981இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்கெனத் துறை உண்டு. 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை பூம்புகார்க் கடலில் மீண்டும் ஆய்வு தொடங்கியது. வரவேற்போம். ஆனால் ஓடு படிக்கத் தெரிந்தவர்க்கு மூழ்கத் தெரியவில்லை. மூழ்கத் தெரிந்தவர்க்கு ஓடு படிக்கக் கற்பித்தாரில்லை. தூத்துக்குடிச் சங்குகுளிப்போர் வழிவழியாகக் கடலடியை அறிந்தவர். அவர்களை ஆய்வின் கூலியாளாக்காமல் உடனாய்வாளர் ஆக்குதல் வேண்டும். தொல்லியல் மாணவர்க்கு மூழ்கும் பயிற்சிக்கு உதவித்தொகை வேண்டும். கடற்கரையிலேயே காப்புக்கூடம் வேண்டும். ஆய்வறிக்கைகள் தமிழில் வெளிவரல் வேண்டும். சங்குகுளிப்போன் மகன் தன் கடலைப் பற்றிய நூலைத் தன் மொழியிற் படிக்க இயலாதெனில் அவ்வாய்வு யாருக்கு?

இவற்றை அரசுக்கு விண்ணப்பமாக எழுதி அனுப்புவோம். நாமும் ஒன்று செய்வோம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, பெண்மக்களுக்கும், நீந்தக் கற்றுக்கொடுப்போம். அன்று வினவிய அம்மாணவி இன்று கல்லூரியில் வரலாறு படிக்கின்றாள். நெசவாளர் வீட்டுப் பெண். "யார் போய்ப் பார்த்தார்கள்?" என்ற அவள் வினாவிற்கு, "நீதான் அம்மா, போய்ப் பார்த்து வந்து எங்களுக்குச் சொல்" என விடையிறுக்கும் நாள் வரவேண்டும். அந்நாளை விரைந்து கொணர்வது நம் கடன்.

வெல்க தமிழ்!