தொக்கமா, தேகத்தின் மாறுதலா?

(மதுக்கரையில் நடந்த ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போகும் சங்கதி சபையில் பேசத்தக்கதல்லவென்று ஆண்பிள்ளைகள் சிலர் எழுந்திருக்க எத்தனிப்பதாகத் தெரிகின்றது. அவர்கள்தான் முக்கியமாய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஏனெனில், மந்திரிக்கக் காசெடுத்துக் கொடுக்கிறவர்களும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் அவர்களே.

சுண்ணாம்புக் கல்லும் சிமிட்டி ஆலையுமாக வளர்ந்த இந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு அம்மாளுக்கு வயது 45. விடிந்தால் குமட்டல், தாளிக்கிற வாசனை பட்டால் ஓங்கரிப்பு. தூரமாவது இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு தரமாகிவிட்டது. "என்ன அம்மிணி, இந்த வயசுலயா?" என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் சமயமாதலால் அந்த அம்மாள் வாசற்படி தாண்டவே வெட்கப்பட்டார். அப்புறம் மாமியார், "ஆரோ சோத்துல மருந்து வெச்சுட்டாங்க, தொக்கம் எடுக்கோணும்" என்றார். மூன்று தரம் எடுத்தாய்விட்டது. ஒவ்வொரு தரமும் ஒரு பழைய பருக்கை, ஒரு மயிர்ச்சுருள் வெளியே வந்தது. குமட்டல் மாத்திரம் வெளியே வரவில்லை! "மருந்து வைத்த" பழியோ அவருடைய ஓரகத்தி தலையில் விழுந்தது.

தோழர்களே! சாப்பிட்ட சோறு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடுகின்றது. அப்படியிருக்க, மாதக்கணக்காய் ஒரு பருக்கை அங்கே காத்திருக்குமா? வயிற்றுத் தோலின்மேல் குழலை வைத்து உறிஞ்சினால் குடலுக்குள் இருப்பது எவ்வழியாய் வரும்? எடுக்கிறவருடைய வாயை முதலில் திறந்து காட்டச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அது ஒன்றே போதும். மாதவிலக்குக் கோளாறைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷத்து மந்திர வைத்திய விளம்பரச் சட்டம் தடுக்கின்றது.

உள்ளபடி நடப்பது என்னவென்றால், நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரி 46, 47 வயதையொட்டி மாதவிலக்கு நிற்கின்றது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராதிருந்தால் நின்றதென்று கணக்கு. அதற்கு முந்திய சில வருஷங்களில் சூற்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்கின்ற சத்து ஒரு நாள் ஏறியும் ஒரு நாள் இறங்கியும் நிலையற்றுப் போகின்றது. 1929-லேயே இந்த வகைச் சத்தைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். இந்த ஏற்ற இறக்கத்தால் உடம்பு குப்பென்று சுடும், வியர்க்கும், தூக்கம் கெடும், ஒற்றைத் தலைவலி வரும். இவற்றோடு சிலருக்குக் குமட்டலும் வரும்.

ஆனால் குமட்டலையெல்லாம் இதன் கணக்கிலேயே எழுதிவிடுவதும் இன்னொரு மூடத்தனமாகும். முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட வேண்டும். தூரம் முழுதும் நிற்கும்வரை கருத்தரிக்க இடமுண்டு, அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தைராய்டு, சர்க்கரை, பித்தப்பைக் கல், இரைப்பைப் புண் இவற்றையும் பார்க்க வேண்டும். நெஞ்சழுத்தம், மூச்சுத்திணறல், தாடை வலியோடு குமட்டினால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த வாந்தி, காரணமில்லாத இளைப்பு, நின்று ஒரு வருஷமானபின் மறுபடி உதிரம் காணுதல் ஆகிய எதையும் தள்ளிப் போடக்கூடாது.

மற்றபடி வெறும் வயிற்றோடு அடுப்படியில் நிற்க வேண்டாம். எல்லோரும் உண்டபின் மிச்சத்தை ஒரே மூச்சாய்த் தின்னும் வழக்கத்தை விட்டுக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பல தடவை உண்ணட்டும். இஞ்சித் தண்ணீர் சிலருக்குக் கேட்கும். காப்பியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்துப் பார்க்கலாம். வாசனை ஒத்துக்கொள்ளாத நாளில் புருஷன் தாளிக்கட்டுமே! கை தேய்ந்து போகாது. தொந்தரவு மிகுந்தால் சத்தை ஈடு செய்யும் மாத்திரையும் உண்டு. அது எல்லோருக்கும் ஆகாதாகையால் டாக்டர் பார்த்தே கொடுக்க வேண்டும்.

நாம் சொன்ன அம்மாள் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனார். ரத்தம் சோதித்து, வேறு வியாதியில்லையென்று அறிந்து, இப்போது பெரும்பாலும் சுகமாயிருக்கிறார். ஓரகத்தி வீட்டுக்குத்தான் இன்னும் போக்குவரத்து இல்லை.