திறக்கும் முன் தேடுக: தானியங்கிக் கியரின் குறையறியும் முறை

(தோட்டப்புற இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டி உரை)



தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் பட்டணத்துப் பட்டறைகளில் வேலை கற்று வருகின்றனர். அவர்களிடம் கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆயினும், அத்திறமையை மெய்ப்பிக்கும் சான்றிதழ் இல்லாதவரை, பத்தாண்டு உழைத்தவரும் 'உதவியாள்' என்றே அழைக்கப்படுகின்றார். இக்குறையைப் போக்கவே மலேசியத் திறன் சான்றிதழ் உள்ளது. மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டு இலாகா, 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இதனை வழங்குகின்றது. பயிற்சி நிலையத்தில் பயின்றும் இதனைப் பெறலாம். வேலை அனுபவம் உள்ளோர், அதற்குரிய ஆதாரங்களைக் காட்டி, 'பி.பி.தி.' எனப்படும் முன்தேர்ச்சி அங்கீகார முறையின் வழியும் பெறலாம்.

மோட்டார்த் தொழிலில் மாணவர்கள் அஞ்சும் பகுதி ஒன்று உண்டு. அதுவே தானியங்கிக் கியரின் பழுதைக் கண்டறிவது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பால் குறைந்த மரத்தைக் கண்டவுடன் அதனை வெட்டிச் சாய்த்து விடுகிறோமா? இல்லை. வெட்டுக்கோட்டைப் பார்க்கிறோம், பட்டையைப் பார்க்கிறோம், மங்கில் விழும் பாலைப் பார்க்கிறோம், மழையா வெயிலா என்பதையும் எண்ணுகிறோம். கியர்ப்பெட்டியும் அவ்வாறே. அதனைக் கழற்றுவது கடைசி வேலை. காரணம் தேடுவதே முதல் வேலை. காரணம் அறியாமல் பெட்டியைத் திறந்தால், பழைய கார் ஒன்றைப் பாடுபட்டு வாங்கிய தொழிலாளியின் பல மாதச் சம்பளம் வீணாகிப் போகும். பழுதும் நீங்காது, பட்டறையின் பெயரும் கெடும்.

முதற்படி: கேட்டறிதல்

வண்டிக்காரரை விசாரியுங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? எந்தக் கியரில்? வேகம் கூடும்போதா, குறையும்போதா? அண்மையில் வேறு பழுது பார்க்கப்பட்டதா? காலையில் கியர் பிடிக்கத் தாமதித்து, சூடேறியபின் சரியாக ஓடினால், உள்ளிருக்கும் ரப்பர்ச் சீல்கள் இறுகியிருக்கலாம். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் வழுக்கினால், எண்ணெய் நீர்த்துத் தேய்ந்த பாகங்களின் வழி அழுத்தம் கசிகிறது என ஐயுறலாம்.

இரண்டாம் படி: எண்ணெய்

தானியங்கிக் கியரில் எண்ணெய் நான்கு வேலை செய்கின்றது. இயந்திரத்தின் விசையைக் கடத்துகின்றது, கிளச்சுகளை அழுத்திப் பிடிக்கின்றது, தேய்மானத்தைத் தடுக்கின்றது, சூட்டைத் தணிக்கின்றது. ஆகவே, எண்ணெயைப் பாராமல் வேறொன்றையும் பார்த்தல் கூடாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் சூடேறிய பின் அளவு பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இயந்திரம் ஓடும்போது பார்ப்பர். சிலவற்றில் நிறுத்தியபின் பார்ப்பர். அளவுகோல் இல்லாத வண்டிகளும் உண்டு. எதுவாயினும் அந்த வண்டியின் கைநூல் கூறுவதே முடிவு. அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், கிளச் வழுக்கும். அளவு மிகுந்தாலும், சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். அப்போதும் கிளச் வழுக்கும்.

நிறமும் மணமும் பேசும். கருத்துத் தீய்ந்த வாடை வீசினால் கிளச் எரிந்துள்ளது. பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால், தண்ணீர் புகுந்துள்ளது. ரேடியேட்டருக்குள் உள்ள எண்ணெய்க் குளிர்விப்பான் உடைவதால் இது பெரும்பாலும் நேர்கின்றது.

எண்ணெயின் வகையையும் கவனியுங்கள். 2005ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா மைவி நான்கு கியர்த் தானியங்கிப் பெட்டி கொண்டது. 2021ஆம் ஆண்டின் புதிய மைவியிலோ, பட்டையும் கப்பியும் கொண்டு இயங்கும் சி.வி.டி. பெட்டி வந்துவிட்டது. பெயர் ஒன்றே, பெட்டி வேறு, எண்ணெயும் வேறு. ஒன்றின் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால் நல்ல பெட்டியும் கெடும்.

மூன்றாம் படி: வெளியே உள்ளவை

கியர்க் கம்பி சரியாகப் பொருந்தியுள்ளதா? பழைய வண்டிகளில், முடுக்கியிலிருந்து கியர்ப்பெட்டிக்குச் செல்லும் கேபிள் மிக இறுக்கமாக இருந்தால் கியர் தாமதித்து முரட்டுத்தனமாக மாறும். மிகத் தளர்ந்திருந்தால் முன்கூட்டியே மாறி, கிளச் வழுக்கி எரியும். திருகு ஒன்றைச் சரிசெய்வதால் தீரும் பழுது இது.

கணினி கட்டுப்படுத்தும் வண்டிகளில் பழுதுக் குறியீடுகளைப் படியுங்கள். 'பி0700' என்பது கியர்க் கட்டுப்பாட்டுக் கணினி ஏதோ ஒரு பழுதைப் பதிந்துள்ளது என்று மட்டுமே உணர்த்தும். அப்பழுது யாது என்பதை மேலும் தேட வேண்டும். குறியீடு, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்வதில்லை. ஆராய வேண்டிய இடத்தையே சொல்கின்றது. வண்டி ஒரே கியரில் நின்று வேறு கியருக்கு மாற மறுத்தால், கணினி பாதுகாப்புக்காக அவ்வாறு நிறுத்தியிருக்கலாம். துருப்பிடித்த மின்னிணைப்பும் தளர்ந்த பேட்டரிக் கம்பியும்கூட இதற்குக் காரணமாகும். இயந்திரம் விட்டுவிட்டு எரிவதால் எழும் நடுக்கத்தைக் கியரின் நடுக்கம் என மயங்குவதும் உண்டு.

நான்காம் படி: ஓட்டிப் பார்த்தல்

இங்கேதான் அறிவுக்கு வேலை. எடுத்துக்காட்டாக, பழைய மூன்று கியர்ப் பெட்டி ஒன்றை எண்ணிக் கொள்வோம். அதில் முன்னோட்டக் கிளச் மூன்று முன் கியர்களிலும் பிடிக்கின்றது. நேரடிக் கிளச் மூன்றாம் கியரிலும் ரிவர்சிலும் பிடிக்கின்றது. இரண்டாம் கியருக்கு ஒரு பட்டி உள்ளது. ரிவர்சுக்கும், கையால் தேர்ந்தெடுக்கும் முதல் கியருக்கும் மற்றொரு பட்டி உள்ளது.

இவ்வமைப்பு தெரிந்தால் பழுது தானே முகம் காட்டும். முன் கியர்கள் யாவும் வழுக்கி, ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் குறை முன்னோட்டக் கிளச்சில். இரண்டாம் கியர் மட்டும் பிடிக்கவில்லையெனில் அதன் பட்டியில். எல்லாக் கியர்களும் வழுக்கினால், எல்லாவற்றிற்கும் பொதுவானதை நோக்குங்கள்: எண்ணெய், வடிகட்டி, பம்பு, அழுத்தம்.

தேர்வு வினாக்களும் இவ்வறிவையே சோதிக்கும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏ.எஸ்.இ. நிறுவனத்தின் தேர்வுகளில் இரு மெக்கானிக்குகள் கூறுவதாக அமைந்த வினாக்கள் பெயர் பெற்றவை. அம்முறையில் ஒரு வினாவைப் பார்ப்போம். நாம் கண்ட அதே பெட்டியில் மூன்றாம் கியரும் ரிவர்சும் வழுக்குகின்றன. முதல், இரண்டாம் கியர்கள் நன்றாக உள்ளன. "பம்பு தேய்ந்துள்ளது" என்கிறார் ஒருவர். "நேரடிக் கிளச் தேய்ந்துள்ளது" என்கிறார் மற்றவர். யார் கூற்று சரி? பம்பு தேய்ந்திருந்தால் முதல், இரண்டாம் கியர்களும் வழுக்கியிருக்கும் அன்றோ? ஆகவே இரண்டாமவர் கூற்றே சரி. மனப்பாடத்தால் இவ்விடை வராது. பொதுவானது எது, தனியானது எது எனப் பிரித்துப் பார்ப்பதால் வரும்.

ஐந்தாம் படி: அளந்தறிதல்

ஐயம் தீராவிடில் அழுத்தமானியைப் பொருத்தி, கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பாளர் அனுமதித்த வண்டிகளில் மட்டும், வண்டியை நகர விடாமல் இயந்திரத்தை முழு விசையில் ஓட்டும் சோதனையையும் செய்யலாம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் இறுக்கி, முன்னும் பின்னும் ஒருவரும் நில்லாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் முடுக்குதல் கூடாது. பின்னர் நியூட்ரலில் ஓடவிட்டுச் சூடு தணிக்க வேண்டும். இயந்திரச் சுழற்சி குறித்த அளவுக்கு மேல் சென்றால் கிளச் வழுக்குகின்றது. குறைந்தால் இயந்திரம் வலுவிழந்துள்ளது, அல்லது டார்க் கன்வெர்ட்டருக்குள் உள்ள ஒருவழிக் கிளச் பிடிக்கவில்லை.

இவ்வைந்து படிகளையும் கடந்த பின்னரே பெட்டியைத் திறக்கும் உரிமை நமக்கு உண்டு. அப்போதும், எதைத் தேடித் திறக்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

இளைஞர்களே! ஒவ்வொரு வண்டியிலும் நீங்கள் கண்ட அறிகுறி, செய்த சோதனை, அறிந்த காரணம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வாருங்கள். தேர்வுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. அனுபவத்திற்கு ஆதாரம் கேட்கும் இடத்திலும் அது உங்களுக்குத் துணை நிற்கும்.

பெற்றோர்களே! பட்டறைக்குச் செல்லும் பிள்ளையிடம், "இன்று எத்தனை வெள்ளி சம்பாதித்தாய்?" என்று கேட்பதோடு, "இன்று என்ன பழுதைக் கண்டறிந்தாய்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியே அவனை உதவியாள் நிலையிலிருந்து தேர்ந்த மெக்கானிக்காக உயர்த்தும்.