முந்துவதும் பிந்துவதும்



கௌமாரம் கழிந்து யௌவனம் தலைகாட்டும் பருவத்தைப் பற்றிப் பேசும்படி இந்த வாசகசாலையார் பணித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ஒரு பிரெஞ்சுத் தகப்பனார். மோன்பெயார் என்னும் அந்தக் கனவான், 1759-இல் பிறந்த தம் மகனை, அவனுக்கு 18 வயது ஆகும்வரை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொரு முறை நிற்கவைத்து உயரத்தை அளந்து குறித்துவந்தார். அவருடைய நண்பரும் இயற்கைநூல் வல்லவருமான பூஃபோன் அதைத் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துவந்த வளர்ச்சி, 13, 14 வயதில் திடீரென்று வேகங்கொண்டு பிறகு அடங்கிய விந்தையை அந்தக் கணக்கு காட்டுகிறது. மகனை அடித்துத் திருத்திய தகப்பன்மார் கோடி. அளந்து பார்த்தவர் அபூர்வம்.

இந்த வேகத்துக்கும் ஒரு கிரமம் உண்டு. ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்னதாகவே வளர்ச்சி பாய்கிறது. முதலில் பாதமும் கையும், அப்புறம் கால்கள், கடைசியாகத்தான் உடற்பகுதி. தீபாவளிக்கு வாங்கிய செருப்பு பொங்கலுக்குள் கடிப்பதும், எட்டி எடுத்த தம்ளர் கைபட்டுக் கவிழ்வதும் இதனால்தான். தன் கையின் நீளம் தனக்கே பழகாத பிள்ளையை நாம் 'கவனமில்லாத கழுதை' என்கிறோம். குரல்வளை பெருத்து நாண்கள் நீள்கையில், வகுப்பில் செய்யுளை உரக்க வாசிக்கும் பையனுக்கு நடு அடியில் குரல் உடைகிறது, வகுப்பு சிரிக்கிறது, மறுநாள் விடை தெரிந்தும் அவன் கை உயர்த்துவதில்லை. ஆசிரியர் அவனை மந்தம் என்று எண்ணிக்கொள்கிறார்.

சரீரத்தின் கதை இது. மனத்தின் கதை இன்னும் நீளம். உணர்ச்சியையும் ஆசையையும் தூண்டும் மூளைப்பகுதிகள் முன்னரே விழித்துக்கொள்ள, விளைவை எண்ணி நிறுத்தும் நெற்றிப்பக்கத்து மூளையோ இருபது வயதைத் தாண்டியும் பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகையால் வீட்டில் தனியே கேட்டால் நியாயம் பேசும் அதே பிள்ளை, நான்கு சிநேகிதர் நடுவே பாழுங்கிணற்றில் குதிக்கத் துணிகிறான். 1904-இல் ஸ்டான்லி ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பருவத்தைப் புயலுக்கும் கொந்தளிப்புக்கும் உரியதாக வருணித்தார். அவ்வளவு பயம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான வீடுகளில் அது தலைமுடி பற்றிய தகராறோடு தீர்ந்துவிடுகிறது.

என் விசாரம் வேறு. பெண் பருவமெய்தினால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தாய்மாமன் சீர்த்தட்டு ஏந்திவர ஊரே அறியும்படி மஞ்சள் நீராட்டுகிற நாம், அவளுக்கு அந்த உதிரம் ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆண்பிள்ளைக்கோ அந்தப் பந்தலும் இல்லை, வார்த்தையும் இல்லை. ஆகவே வாசகசாலையாருக்கு ஒரு விண்ணப்பம்: உடல்நூல்களை நிர்வாகியின் மேசைக்குப் பின்னால் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, கதைப் புத்தகங்களோடு, பிள்ளைகள் யாரையும் கேட்காமல் எடுத்துப் படிக்கும் தட்டில் வையுங்கள்.