சுருதி வீழுமிடம்



2015ஆம் ஆண்டு வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்திற்காகக் கவிஞர் மதன் கார்க்கி 'கிளிக்கி' என்னும் மொழியைப் புனைந்தார். அவ்வாறே தாமும் ஒரு மொழியைப் புனைய விழையும் மாணவர்க்கு, அதனுள் சுருதியழுத்தம் அமைக்கும் முறையை இன்று கூற முற்படுகிறோம். இதனால் தமிழின் இயல்பொன்றும் விளங்கும்.

பினாங்குத் துறைமுகத்தில் ஒலிக்கும் ஹொக்கியனில் ஒவ்வோர் அசையும் தனக்கெனத் தொனி உடையது; தொனி மாறின் பொருளும் மாறும். தமிழிலும் மலாயிலும் அவ்வாறன்று. 'வந்தான்' என்பதன் ஈற்றை உயர்த்தினால் வினா பிறக்குமேயன்றிச் சொற்பொருள் மாறாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே சுருதியழுத்தம். அங்கே அசைதோறும் தொனி இல்லை. சொல்லில் ஓரிடத்தில் மட்டும் சுருதி வீழும், அல்லது எங்கும் வீழாது.

தோக்கியோ ஜப்பானியத்தில் 'ஹஷி' என்பதன் முதலசை உயர்ந்து அடுத்தது தாழ்ந்தால் உணவுக் குச்சி. இரண்டாமசை உயர்ந்து அதன்பின் வீழ்ந்தால் பாலம். வீழ்ச்சியே இல்லையெனில் விளிம்பு. பின்னிரண்டும் தனித்து நிற்கையில் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். உருபு சேர்ந்தபின்னரே வேறுபாடு தெளிவுறும்.

இனி நாம் புனைவோம். 'தலு' என ஒரு சொல்லையும், 'கி' என ஓர் உருபையும் கொள்வோம். முதலசைக்குப்பின் வீழின் துறை, இரண்டாமசைக்குப்பின் வீழின் அலை, வீழாதிருப்பின் உப்பு. 'தலுகி' என மும்முறை சொல்லிப் பாருங்கள். மூன்றும் பிரிந்து நிற்கும். ஈரசைச் சொல்லுக்கு மூன்று வகை போதும். சொல்தோறும் மனம்போனபடி குறியிடுதல் அமைப்பாகாது. உருபு சேரும்போதும் தொகையாகும்போதும் வீழ்ச்சி எங்கே நிற்கும் என விதி வகுத்தலே அமைப்பு.

சுருதிக்கு ஒரு வரலாறும் வேண்டும். குதிரையைக் குறிக்கும் சொல்லின் முதலில் இந்தியில் இன்றும் கேட்கும் மூச்சொலி, பஞ்சாபியில் மறைந்தது. மறைந்த இடத்தில் தாழ்தொனி நின்றது. உங்கள் மொழியிலும் எவ்வொலி தேய்ந்து சுருதி பிறந்தது எனச் சிந்தியுங்கள்.

தமிழ்க் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆயிற்று. 'முதல்' 'மோடால்' ஆயிற்று. ஹொக்கியன் 'தவுக்கே' மலாய் வழக்கில் புகுந்தபோது எழுத்தொலி வந்தது, தொனி வரவில்லை. சுருதி தனிச்சொல்லின் உடைமையன்று, மொழியொழுங்கின் உடைமை என்பதற்கு இதுவே சான்று.

தமிழர் சுருதியை அறியாதவரல்லர். ஒரே எழுத்துத்தொடர் இருபொருள் படுமிடத்து இசையால் வேறுபடும் என்றார் தொல்காப்பியர். 'பலகை' என்பதையும் 'பல கை' என்பதையும் பிரித்துணர்த்துவது ஒலிப்பே. எடுத்தல், படுத்தல், நலிதல் எனப் பெயரிட்டே கூறிற்று நன்னூல்.

ஆயினும் எழுத்து இவற்றைக் காட்டுவதில்லை, காட்டினும் காவாது. பண்டைக் கிரேக்கத்தின் சுருதியழுத்தம் பேச்சில் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும், அதன் குறிகள் 1982 வரை அரசு வழக்கில் எழுதப்பட்டன. குறி நின்றது, ஒலி நில்லாது போயிற்று.

ஆகவே ஆசிரியர்களே, பாடத்தை மாணவர் ஒரே சுருதியில் ஒப்புவிக்க விடாதீர்கள். வினாவை வினாவாகவும் வியப்பை வியப்பாகவும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தமிழின் ஏற்றவிறக்கம் செவிவழியாகவே அடுத்த தலைமுறையைச் சேரும்.