நோயுற்றார் அருகே நம் மொழி

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொழிலின் பொருட்டு வடநாடு வந்த நாம், முதிய பெற்றோரையும் நம்முடன் அழைத்து வைத்துக்கொள்கிறோம். அவருள் ஒருவர் நிமோனியா கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். மூன்றாம் இரவு, மூக்கிலிட்ட குழாயைப் பிடுங்குகிறார். சுவரில் எறும்பு ஊர்வதாகக் கூறுகிறார். பெற்ற மகனையே யாரென்று வினவுகிறார். 'அப்பாவுக்குச் சித்தம் பேதலித்துவிட்டதே' என்று நாம் கலங்குகிறோம்.

அது பைத்தியமன்று. நம் முன்னோர் ஜன்னி என்றும் பிதற்றல் என்றும் கூறிய இந்நிலையை மருத்துவர் டெலிரியம் என்பர். நோய்த்தொற்று, பிராணவாயுக் குறைவு, உறக்கமின்மை, சில மயக்க மருந்துகள் முதலியவற்றால் மூளையின் இயக்கம் தடுமாறுவதே இது. விரைவில் தோன்றும், ஒரே நாளில் கூடியும் குறைந்தும் வரும். கூச்சலிடுவோர்க்கே இது உண்டென எண்ணுதல் தவறு. பேசாது சோர்ந்து கிடப்போரிடமும் உண்டு; அதுவே பெரிதும் கவனிக்கப்படாமற் போகிறது.

இதனை எளிதாகக் கருதலாகாது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், செயற்கைச் சுவாசம் பெற்றோருள் டெலிரியம் கண்டவரில் நூற்றுக்கு 34 பேர் ஆறு மாதத்திற்குள் இறந்தனர். காணாதவரில் 15 பேரே இறந்தனர். ஹாலோபெரிடால் என்னும் மருந்தும் இந்நிலை நீடிக்கும் காலத்தைக் குறைக்கவில்லையென 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

நிற்க. இங்கு நமக்கென்று தனியே ஓர் இடர் உண்டு. இந்நிலையை அறியச் செவிலியர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறித்த எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வர். தமிழன்றிப் பிறமொழி அறியாத நம் அன்னையார்க்கு அக்கட்டளையே விளங்காது. அறிவு தெளிந்திருந்தும் குழம்பியவர் எனப்படலாம். உண்மையிற் குழம்பினும் 'மொழி தெரியாதவர்' என விடப்படலாம்.

ஆதலின், மருத்துவரின் இசைவு பெற்று நாம் அருகிருப்போம். இது எந்த இடம், என்ன கிழமை, ஏன் வந்தோம் என்பதைத் தமிழில் அமைதியாகச் சொல்வோம். மூக்குக் கண்ணாடியையும் செவிக் கருவியையும் மறவாது கொண்டு செல்வோம். பகலில் வெளிச்சமும் இரவில் உறக்கமும் கிட்டுமாறு வேண்டுவோம். 'நேற்று இவர் இவ்வாறில்லை' என்று மருத்துவரிடம் கூறத்தக்கவர் நாமே அன்றோ?

உடனிருக்க உறவினர் இல்லாதாரும் நம்மிடையே உளர். பொங்கலுக்கும் நாடகத்திற்கும் கூடும் நாம், முறை வைத்து அன்னார் கட்டிலருகே ஒரு மணி நேரம் அமர்வோமாயின், அதுவும் இச்சங்கத்தின் தமிழ்த் தொண்டேயாகும்.