அரசாணையும் நம் அன்றாட வாழ்வும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சட்டம், திட்டம், அரசாணை என்பனவெல்லாம் கோட்டையில் இருப்போரின் வேலை. நமக்குத் தொழுகையும் தொழிலும் போதும் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். ஆயின், பிறந்த குழந்தைக்குப் பெறும் சான்று முதல் ஜனாஸாவுக்குப் பின் வாரிசுகள் தேடி அலையும் சான்று வரை, அரசின் கை படாத நாள் நம் வாழ்வில் இல்லை. ரமளானில் நாம் அருந்தும் நோன்புக் கஞ்சியிலும் ஓர் அரசாணை கலந்திருக்கிறது. பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி அரிசி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2001ஆம் ஆண்டு தொடங்கியது.

ஓர் ஆணை ஒரு வீட்டின் தொட்டில் வரை சென்று சேரும் என்பதை உமர் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குக் கற்றுத் தருகிறது. மக்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கும் முறையை அவர்கள் ஏற்படுத்தினார்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை, தாய்ப்பால் மறந்த பின்னரே தொகை என்பது விதி. ஒருநாள் மதீனாவுக்கு வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அதற்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவெல்லாம் விழித்திருந்தனர். ஒரு குழந்தை விடாமல் அழுதது. உமர் (ரலி) அவர்கள் மும்முறை சென்று தாயிடம் விசாரித்தார்கள். எதிரில் நிற்பவர் யாரென அறியாத அந்தத் தாய், பால் மறந்த குழந்தைக்கே கலீஃபா தொகை தருவதால், காலம் வருமுன்னரே பால் மறக்கச் செய்வதாகக் கூறினார். அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது, அழுகையின் மிகுதியால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு என அறிவிக்கச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பினார்கள்.

சிந்தியுங்கள்! அந்த விதி கெட்ட எண்ணத்தில் பிறந்ததன்று. ஆயினும் ஒரு தாயின் கையைக் கொண்டே அவளது குழந்தையைப் பட்டினி போட்டது. அந்தத் தாய் சொல்லாதிருந்தால் கலீஃபாவுக்குத் தெரிந்திருக்காது. கலீஃபா தேடிச் சென்று கேட்டிராவிட்டால் அவள் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

இவ்விரண்டு பாடங்களையும் நம் நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலாவது, நமக்குரியதை முறைப்படி பெறுவது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது சட்டம். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் சமுதாயம் நாம். அந்தப் பெயரை அதே நாட்களுக்குள் பதிவிலும் ஏற்றிவிடத் தடை என்ன? 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஒரு சான்றில் 'முஹம்மது', மற்றொன்றில் 'முகமது' என்றிருந்தால், பாஸ்போர்ட் எடுக்கும் நாளில்தான் அதன் துன்பம் தெரியும்.

2007ஆம் ஆண்டு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டினுள் 3.5 விழுக்காடு முஸ்லிம்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டது. 200 இடங்களுக்கு 7 இடங்கள் என்று கணக்கு. அதற்குரிய பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என ஏழு பிரிவுகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையினுள் அடங்குவர். பள்ளியில் சேர்க்கும்போது 'இஸ்லாம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பிரிவை விட்டுவிட்டால், கல்லூரி வாசலில் அந்தப் பிள்ளை தவிக்க நேரிடும். அல்லாஹ்விடத்தில் இப்பிரிவுகளால் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் அரசு ஏட்டில் அந்த ஒரு சொல் ஒரு பிள்ளையின் படிப்பாக இருக்கிறது.

திருமணப் பதிவும் இவ்வாறே. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் 90 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும். நிகாஹ் நம் மார்க்கப்படி நிறைவேறிவிடுகிறது. பதிவு அதற்கு மாற்றாகாது. ஆயினும் கணவன் கைவிட்டாலோ மரணித்தாலோ, அப்பெண்ணின் உரிமைக்குச் சாட்சி சொல்வது அந்தத் தாள்தான். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க ஏவுவதற்கே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அருளப்பட்டது. அதைக் கற்கும் நாம் எழுத்தை அலட்சியம் செய்யலாமா?

இரண்டாவது பாடம் நம்மை நோக்கியது. விதி செய்வது அரசு மட்டுமன்று. ஜமாஅத்தும் விதி செய்கிறது. பல ஊர்களில் தலைக்கட்டு என்பது ஆணின் பெயரிலேயே எழுதப்படுகிறது. அவர் மரணித்து, வளர்ந்த மகனும் இல்லையெனில், அந்த வீடு பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. குர்பானிப் பங்கும் கல்வி உதவியும் தலைக்கட்டுக்கு ஒன்று என்று வரும்போது, எவருக்கு அதிகம் தேவையோ அந்த விதவையின் வாசலை அது கடந்து போய்விடுகிறது. சந்தா பாக்கியைத் தீர்த்தால்தான் நிகாஹ் தஃப்தர் வரும் என்ற விதியும் சில ஊர்களில் உண்டு. நிர்வாகம் நடக்கச் சந்தா தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாக்கி ஒரு ஏழைத் தகப்பனுக்கு மகளின் மணநாளிலேயே கடனாகி விடுகிறது. இவ்விதிகளையும் எவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உமர் (ரலி) அவர்களின் முதல் விதியும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே, பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், விண்ணப்பம் எழுதவும் சான்றுகளைச் சரிபார்க்கவும் படித்த இளைஞர்கள் இருவர் பள்ளிவாசலில் அமரட்டும். விதவையரின் வீடுகள் அவர்கள் பெயரிலேயே, சந்தா இன்றி, தலைக்கட்டாகப் பதியப்படட்டும். சந்தா பாக்கியும் நிகாஹும் தனித்தனியே பார்க்கப்படட்டும். இக்கூட்டத்தில் பெண்கள் அமர்வதில்லை. எனவே அவர்களின் குறைகளைக் கேட்டறிய, மூத்த பெண்மணிகள் வழியாக ஒரு முறை வகுக்கப்பட வேண்டும். தேடிச் சென்று கேட்பதே கலீஃபாவின் வழிமுறை.

நம் விதிகளால் எந்த வீட்டிலும் ஒரு குழந்தை அழாதிருக்கவும், நமக்குரிய உரிமைகளை நேர்மையுடன் பெற்றுக் கொள்ளவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.